ஓய்வூதியம் ஈடுசெய்யாதவை: திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஓய்வுக்கால ஆயத்தம்

பணி ஓய்வு என்பது சம்பளத்துக்கு உழைப்பதை வயது காரணமாக நிறுத்திக்கொள்வது. இலங்கையில் 60 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக மேலும் 20 ஆண்டுகளளவில் வாழ எதிர்பார்க்கலாம். ஒரு பிள்ளை முதலாம் தரத்தில் சேர்ந்து பட்டம் பெற்று வெளியேற எடுக்கும் காலத்தைவிட இது நீளம். இவ்வளவு நீண்ட காலத்துக்குப் பெரும்பாலானோர் செய்யும் ஆயத்தம் பணத்தோடு நின்றுவிடுகிறது. கோப்புகள் சரிபார்க்கப்படுகின்றன, கடன்கள் தீர்க்கப்படுகின்றன, வீட்டுக் கூரை திருத்தப்படுகிறது. ஆனால் வேலை ஒரு மனிதருக்குத் தருவது சம்பளம் மட்டுமன்று. சம்பளத்தின் ஒரு பங்கை ஓய்வூதியம் ஈடுசெய்யும். மற்றவற்றை ஒவ்வொருவரும் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவை அமையச் சில ஆண்டுகள் பிடிப்பதால், வேலையில் இருக்கும்போதே அதற்கான ஆயத்தம் தொடங்க வேண்டும்.

திருகோணமலை இதை விளக்கப் பொருத்தமான இடம். இங்குள்ள வாழ்க்கையில் நேரம் குறித்த வேலைக்குப் பெரிய இடம் உண்டு. பிரித்தானியர் காலத்தில் கடற்படைத் தளமும் கப்பல் பட்டறையும் நகரின் நாளை வகுத்தன. 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த உள்ளூர்த் தொழிலாளர் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. பின்னர் இலங்கைத் துறைமுக அதிகாரசபை, சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள், பிரீமா மாவாலை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, இலங்கைக் கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகம் ஆகியவை பலருக்குத் தொழில் கொடுத்தன. கிழக்கு மாகாண சபையின் தலைமையகமும் இங்கேயே இருப்பதால் எழுதுவினைஞர், ஆசிரியர், கல்வி அதிகாரிகள், பொறியியலாளர் என அரச ஊழியரும் நிறைய உள்ளனர். மறுபுறம், கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி போன்ற ஊர்களில் கடற்றொழிலாளரும், தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் விவசாயிகளும் வாழ்கின்றனர். இவர்களுக்கு ஓய்வுக்கென்று குறித்த நாள் இல்லை.

ஓய்வு வயது உருவான விதம்

குறிப்பிட்ட வயதில் உழைப்பை நிறுத்தி ஓய்வூதியம் பெறுவது மனித வரலாற்றில் புதிய வழக்கம். ஜேர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சி 1889இல் முதியோர் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அதற்குரிய வயது 70. அது 1916இல் 65 ஆகக் குறைக்கப்பட்டது. இலங்கையில் அரச ஊழியருக்கான ஓய்வூதியம் 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி வழங்கப்படுகிறது. தனியார் துறையினருக்கும் கூட்டுத்தாபன ஊழியருக்கும் 1958இல் ஊழியர் சேமலாப நிதியம் வந்தது. அதற்கு ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில் வழங்குநர் மேலும் 3 வீதம் செலுத்துகிறார். விவசாயிகளுக்கு 1987இலும் கடற்றொழிலாளருக்கு 1990இலும் தனித்தனி ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாயின.

வயது வரம்பு நிலையானதன்று என்பதை அண்மைய ஆண்டுகள் காட்டின. தனியார் துறையில் 55 வயதில் ஓய்வு என்ற பரவலான வழக்கத்தை 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றி, ஆகக்குறைந்த ஓய்வு வயதைப் படிப்படியாக 60 ஆக்கியது. அரச சேவையில் 2022இன் தொடக்கத்தில் வரம்பு 65 வரை உயர்த்தப்பட்டது. பொருளாதார நெருக்கடியின் நடுவே அதே ஆண்டில் அது மீண்டும் 60 ஆக்கப்பட்டது. 60ஐக் கடந்திருந்தோர், சில துறையினர் நீங்கலாக, 2022 டிசம்பர் 31உடன் ஓய்வுபெற்றனர். இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன என்று எண்ணியிருந்தவர்களுக்குச் சில மாதங்களே மிஞ்சின. ஓய்வுபெறும் நாளைத் தாமே தெரிவு செய்தவர்களைவிட, திடீரென ஓய்வுக்குத் தள்ளப்பட்டவர்களுக்கு மனம் ஒத்துப்போவது கடினமாக இருக்கிறது என்பது ஓய்வு பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் முடிவு. எனவே சட்டம் குறிக்கும் நாளுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஆயத்தமாக இருப்பது பாதுகாப்பானது.

சம்பளத்துக்கு அப்பால் வேலை தருபவை

வியன்னா நகருக்கு அருகே மரியென்தால் என்றொரு சிற்றூர். அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டபோது ஏறத்தாழ ஊர் முழுவதும் வேலை இழந்தது. 1930களின் தொடக்கத்தில் மரீ யஹோடா, போல் லாஸார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அந்த ஊரை ஆராய்ந்து, 1933இல் நூலாக வெளியிட்டனர். ஊராருக்கு நேரம் ஏராளமாகக் கிடைத்தது. ஆனால் நூலகத்திலிருந்து இரவல் பெற்ற புத்தகங்களின் எண்ணிக்கை பாதியளவாகக் குறைந்துவிட்டது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலராலும் சொல்ல முடியவில்லை. வீட்டு வேலை தொடர்ந்ததால் பெண்களின் நாள் அவ்வளவு சிதறவில்லை.

இத்தகைய அவதானிப்புகளிலிருந்து யஹோடா பிற்காலத்தில் ஒரு விளக்கத்தை உருவாக்கினார். வேலை பணத்தோடு சேர்த்து ஐந்து விடயங்களைத் தருகிறது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனித உறவு, தனி மனிதரை மீறிய பொதுநோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், உடலையும் மனத்தையும் இயக்கும் வழமையான செயல். வேலையின்மையும் ஓய்வும் ஒன்றல்ல. ஓய்வுபெற்றவருக்கு வருமானம் ஓரளவு உண்டு, தலைகுனிவு இல்லை. ஆனாலும் இந்த ஐந்தும் ஒரே நாளில் கைநழுவுவது இரண்டுக்கும் பொது.

முதலாவது, நேர ஒழுங்கு. துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை சிப்ட் முறையில் நடக்கிறது. முப்பது ஆண்டுகள் இரவும் பகலும் மாறிமாறி உழைத்த உடலின் உறக்கம் ஏற்கெனவே குழம்பியிருக்கும். வேலை நின்றதும் அது தானாகச் சீராகும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர். உடலின் உள்ளகக் கடிகாரம் முக்கியமாகக் காலை வெளிச்சத்தைக் கொண்டே தன்னைச் சரிசெய்கிறது. எனவே ஓய்வின் முதல் வாரத்திலிருந்தே ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்தில் நடப்பது, நல்ல உறக்கத்துக்கும் நாளின் ஒழுங்குக்கும் அடித்தளமாகிறது.

இரண்டாவது, மனித உறவு. இந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழ்கின்றனர். ஆனால் பலருடைய ஊரும் பாடசாலையும் வழிபாட்டிடமும் தத்தம் சமூகத்துக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. அவர்கள் நாள்தோறும் ஒருவரோடொருவர் பழகும் இடம் வேலைத்தலமே. இறங்குதுறையிலும் கன்ரீனிலும் கந்தோர் மேசைகளிலும் வளர்ந்த நட்புகள், வேலை முடிந்ததும் ஒருவர் கிண்ணியாவுக்கும் ஒருவர் உவர்மலைக்கும் ஒருவர் கந்தளாய்க்கும் திரும்பியபின் மங்கிவிடுகின்றன. போர்க்காலத்தைக் கடந்து வந்த ஒரு மாவட்டத்தில் இந்த நட்புகளின் மதிப்பு நண்பர்களோடு மட்டும் முடிவதில்லை. அவற்றைக் காக்க முயற்சி வேண்டும். மாதத்தில் ஒரு நாள் சந்திப்பது, பெருநாளுக்கும் பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் வீடு சென்று வருவது என்ற வழக்கத்தைப் பணியில் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்கு அது பின்னரும் நிலைக்கிறது.

மூன்றாவது, பொதுநோக்கம். கப்பலைப் பாதுகாப்பாகக் கரைசேர்ப்பதும், பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவதும், மருத்துவமனை விடுதியொன்றை இரவு முழுவதும் கவனிப்பதும் பலர் சேர்ந்து செய்யும் காரியங்கள். தமது உழைப்பு பிறருக்குத் தேவைப்படுகிறது என்ற உணர்வை அவை நாள்தோறும் தருகின்றன.

நான்காவது, அடையாளம். இலங்கைச் சமூகத்தில் உத்தியோகம் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அதிபர், பணிப்பாளர், கணக்காளர், போர்மன் என்றே ஊர் அழைக்கிறது. சேவை நயப்பு விழாவில் மாலையும் வாழ்த்துமடலும் கிடைக்கும். அடுத்த மாதம் அதே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் பெறச் செல்லும்போது மற்றவர்களோடு வரிசையில் அமர வேண்டியிருக்கும். பதவி உயர்ந்ததாக இருந்தால் இந்த இழப்பு ஆழமாகவே உணரப்படும். பதவிக்கு வெளியேயும் சில அடையாளங்களை வளர்த்திருப்பவர் இதை எளிதாகத் தாங்குகிறார். ஒரே ஆள் பஜனைக் குழுவின் மிருதங்கக்காரராகவும், உதைபந்தாட்ட நடுவராகவும், தோட்டக்காரராகவும், பேரப்பிள்ளைக்குக் கதைசொல்லியாகவும் இருக்கும்போது, ஒன்று போனாலும் மற்றவை எஞ்சுகின்றன.

ஐந்தாவது, வழமையான செயல். வேலை நாளில் ஒருவர் படியேறுகிறார், கணக்குப் பார்க்கிறார், பிரச்சினைகளைத் தீர்க்கிறார். இவற்றை உடற்பயிற்சி என்றோ மூளைப்பயிற்சி என்றோ அவர் கருதியிருக்கமாட்டார். நின்ற பிறகுதான் அவற்றின் பயன் தெரிகிறது.

ஓய்வின் படிகள்

வாழ்க்கை மாற்றங்கள் மனத்துக்குத் தரும் சுமையை அளக்க 1967இல் ஹோம்ஸ், ரஹே என்ற இரு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலை வகுத்தனர். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100 புள்ளிகள், திருமணத்துக்கு 50, பணி ஓய்வுக்கு 45. விரும்பி எதிர்பார்த்த மாற்றமும் மனத்திடம் உழைப்பைக் கேட்கிறது என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபர்ட் அட்ச்லி 1970களில் ஓய்வைப் பல படிகளாகப் பிரித்தார். ஓய்வுக்கு முந்திய எதிர்பார்ப்புக் காலம் முதலில் வருகிறது. ஓய்வுபெற்ற உடனே மகிழ்ச்சிக் காலம்: கதிர்காம யாத்திரை, உறவினர் வீடுகள், தள்ளிப்போட்ட திருத்த வேலைகள், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் பயணம். அவை முடிந்தபின் ஏமாற்றக் காலம் வரலாம். காலை பத்து மணிக்கே நாள் நீளமாகத் தெரியும், சின்னச் சொல்லும் மனத்தைக் குத்தும். அதன்பின் தமது நிலையை உள்ளபடி பார்த்து வாழ்க்கையைத் திரும்ப வகுக்கும் காலம். அது கைகூடினால் உறுதியான வழமைக் காலம். நோயோ தளர்வோ பிறர் உதவியைக் கட்டாயமாக்கும்போது இறுதிப் படி. எல்லாரும் எல்லாப் படிகளையும் கடப்பதில்லை, கடக்கும் வேகமும் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

2007இல் மோ வாங் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதற்கு மேலும் தெளிவு தந்தது. ஓய்வுபெற்றோரில் பத்தில் ஏழு பேரளவுக்கு மனநலம் பெரிதாக மாறவில்லை. நால்வரில் ஒருவரளவுக்கு முதலில் தாழ்ந்து பின்னர் சீரானது. கடினமான, வெறுத்த வேலையிலிருந்து விடுபட்ட சிறு பகுதியினரின் மனநலம் உயர்ந்தது. ஆகவே ஓய்வு எல்லாரையும் உடைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. தாழ்வு வந்தாலும் அது பெரும்பாலும் கடந்து போகக்கூடியது. இப்படியொரு காலம் வரக்கூடும் என்று முன்பே அறிந்திருப்பது, வரும்போது அதைத் தம் குறையாக எண்ணி ஒதுங்குவதைத் தடுக்கிறது.

உடலும் மூளையும்

பிரித்தானிய அரச ஊழியரை 1985 முதல் தொடர்ந்து அவதானித்துவரும் இரண்டாம் வைட்ஹோல் ஆய்வு, ஓய்வுக்கு முன்னும் பின்னும் 14 ஆண்டுகள் வரையான நினைவாற்றல் அளவீடுகளை ஒப்பிட்டு 2018இல் ஒரு முடிவை வெளியிட்டது. சொற்களை நினைவில் வைக்கும் ஆற்றல் ஓய்வுக்குப் பின் 38 வீதம் விரைவாகக் குறைந்தது. உயர்பதவியில் இருந்தோருக்கு வேலைக்காலத்தில் இருந்த பாதுகாப்பும் ஓய்வுக்குப் பின் நீடிக்கவில்லை. சிந்தனைத் திறனின் மற்றக் கூறுகளில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. பயன்படுத்தும் திறன் நிலைக்கிறது, பயன்படுத்தாதது தளர்கிறது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

மறதிநோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு, திருத்தக்கூடிய 14 காரணிகள் சேர்ந்து உலகின் மறதிநோயில் சுமார் 45 வீதத்துக்குப் பொறுப்பாகின்றன என்று 2024இல் மதிப்பிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், உடலசைவின்மை, மனச்சோர்வு, சமூகத் தனிமை, கேள்திறன் இழப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். துறைமுகப் பகுதிக்குக் கடைசியாகச் சொன்னது முக்கியமானது. இயந்திர அறையிலும், கப்பல் பட்டறையிலும், ஆலைகளிலும் இரைச்சலுக்கு நடுவே உழைத்தவர்களின் காது மெல்ல மெல்லத் தளர்ந்திருக்கும். சரியாகக் கேட்காதவர் பேச்சைத் தவிர்க்கிறார், பேச்சைத் தவிர்ப்பவர் தனித்துப்போகிறார். வீட்டார் அதை வயதின் கோபம் என்று தவறாகப் புரிந்துகொள்கின்றனர். பணியின் இறுதி ஆண்டுகளில் கேள்திறன் பரிசோதனை செய்துகொள்வதும், தேவையெனில் கூச்சமின்றிக் காதுக்கருவி அணிவதும், கண்புரை, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றைக் கவனிப்பதும் மனத்துக்கான ஆயத்தத்திலும் சேரும்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 65 வயதைக் கடந்தவர்கள் விழாமல் இருக்க, வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைப் பயிற்சியும் தசைப்பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திருகோணமலையில் இதற்குச் செலவில்லாத இடங்கள் உண்டு. டச்சு விரிகுடாக் கரையோர நடை, பிரெட்ரிக் கோட்டை வாயிலிலிருந்து கோணேசர் கோயில் வரையான ஏற்றம், உள்துறைமுக வீதி ஆகியவற்றில் எதுவும் காலை நடைக்கு ஏற்றது. இருவர் மூவராக நடந்தால் பேச்சும் கூடவே கிடைக்கும்.

எப்போது, எதைத் தொடங்குவது

ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, வேலைக்கு வெளியே குறைந்தது ஓர் ஈடுபாட்டையாவது வேரூன்றச் செய்ய வேண்டும். அது தோட்டமாகவோ, இசையாகவோ, மரவேலையாகவோ, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகப் பணியாகவோ, பிறமொழி கற்பதாகவோ இருக்கலாம். ஓய்வுபெற்ற பின் தொடங்கலாம் என்று தள்ளிப்போடும் ஈடுபாடுகளில் பல தொடங்கப்படாமலே போகின்றன. எந்தச் செயலிலும் தொடக்கக் காலத் தடுமாற்றம் உண்டு. மனம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்போது அதைத் தாண்டுவது கடினம்.

ஓய்வுக்கு முந்திய ஆண்டில் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, வேலையில் தமக்குப் பிடித்தது எது என்று நேர்மையாகப் பார்ப்பது. கற்பித்தல் பிடித்திருந்தால் அதை வேறிடத்தில் தொடரலாம்; அதிகாரமே பிடித்திருந்தால் அது போகப்போகிறது என்பதை இப்போதே ஏற்கலாம். இரண்டாவது, தமது அறிவைக் கையளிப்பது. எந்த இயந்திரம் எப்படி இடறும், எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்பவை எந்தக் கைந்நூலிலும் இல்லை. அவற்றை இளையவருக்குச் சொல்லிக் கொடுப்பவர் தமது பணி வீணாகவில்லை என்ற நிறைவோடு வெளியேறுகிறார். மூன்றாவது, இயன்றால் வேலையைப் படிப்படியாகக் குறைப்பது, அல்லது ஓய்வுக்குப் பின் சில காலம் பகுதிநேரப் பணி செய்வது.

இந்தப் படிப்படியான முறையைக் கடற்கரையில் காணலாம். ஆழ்கடல் செல்ல உடல் இடந்தராதபோது கடற்றொழிலாளர் கரையோரத் தொழிலுக்கு மாறுகிறார். பின்னர் கரைவலை இழுப்போருடன் சேர்கிறார். அதன்பின் கிழிந்த வலையைப் பொத்துவதிலும், கடலின் நிறமும் நீரோட்டமும் பார்த்து இளையவருக்கு வழி சொல்வதிலும் நாள் செல்கிறது. வருமானம் குறைந்தாலும் உறவும் மதிப்பும் தொடர்கின்றன. வறுமையால் ஓய்வெடுக்க முடியாமல் தொடர்ந்து உழைக்கும் நிலையும் இதே கரையில் உண்டு. அதற்கான தீர்வு சமூகப் பாதுகாப்பே. கடற்றொழிலாளர், விவசாயிகள் ஓய்வூதியத் திட்டங்கள் வலுப்பெறுவது அவர்களுடைய மன அமைதிக்கும் அடிப்படை.

படிப்படியாகக் குறைப்பதை ஜேர்மன் உளவியலாளர்களான போல் பால்டஸும் மார்கிரெட் பால்டஸும் ஒரு கோட்பாடாக்கினர். முதுமையில் நன்கு வாழ்வோர் செய்வதைத் தெரிந்தெடுக்கின்றனர், தெரிந்தெடுத்ததில் கூடுதல் பயிற்சி செய்கின்றனர், இழந்ததை வேறு வழியால் ஈடுகட்டுகின்றனர். இதற்கு அவர்கள் காட்டிய உதாரணம் பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன். முதுமையில் அவர் குறைவான இசையாக்கங்களையே வாசித்தார், அவற்றைக் கூடுதலாகப் பயின்றார், வேகமான பகுதிக்கு முன் வேகத்தைத் தளர்த்தி அடுத்த பகுதி விரைவாகத் தோன்றும்படி செய்தார்.

வீட்டுக்குள் வரும் மாற்றம்

ஓய்வு ஒருவருக்கு வந்தாலும் அதன் விளைவு வீடு முழுவதற்கும் வருகிறது. காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை வெளியே இருந்தவர் இப்போது நாள் முழுவதும் வீட்டில் இருக்கிறார். அத்தனை ஆண்டுகள் வீட்டைத் தனியே நடத்திய மனைவிக்கு அது திடீர் நெருக்கடி. 1990களில் ஜப்பானிய மருத்துவர் நோபுவோ குரோகாவா, கணவர் ஓய்வுபெற்றபின் மனைவியருக்குத் தோன்றும் தலைவலி, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றை ஒரு தொகுதியாக விவரித்தார். திருகோணமலையில் ஆசிரியராகவும் தாதியாகவும் எழுதுவினைஞராகவும் உழைத்து ஓய்வுபெறும் பெண்களின் நிலை வேறு. சம்பள வேலை நின்றாலும் சமையலும் பராமரிப்பும் நிற்பதில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பு புதிதாகச் சேர்கிறது. அவர்களுக்கு ஓய்வு என்ற ஒன்று கிடைக்க வேண்டுமானால் வீட்டு வேலை பகிரப்பட வேண்டும். சமையல், கடை, வங்கி அலுவல் ஆகியவற்றை யார் செய்வது, யாருக்கு எந்த நேரம் தனியாக வேண்டும் என்பவற்றை ஓய்வுக்கு முன்பே இருவரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்வது பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும். ஒருவர் மற்றவரின் வேலையைக் கற்றுக்கொள்வது, பின்னாளில் தனித்து வாழ நேர்ந்தால் கைகொடுக்கும்.

பிள்ளைகள் கனடாவிலோ இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கும் வீடுகளில் இன்னொரு கேள்வி எழுகிறது: அங்கே போவதா, இங்கேயே இருப்பதா? ஓய்வுபெற்ற உடனே வீட்டை விற்று இடம்பெயர்வது வேலை, ஊர், மொழிச்சூழல் மூன்றையும் ஒருங்கே இழப்பதாக முடியலாம். சில மாதங்கள் தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. இங்கேயே இருப்பவர்களுக்கு, அவசர வேளையில் ஓடிவரக்கூடிய அயலவரோடு உறவைப் பேணுவது தொலைபேசி அழைப்பளவு முக்கியமானது.

பணமும் உணர்வோடு பின்னியது. பணிக்கொடையோ சேமலாப நிதியோ ஒரே தொகையாகக் கைக்கு வரும்போது, மகளின் சீதனம், மகனின் வெளிநாட்டுப் பயணம், உறவினரின் வியாபாரம் என்று வேண்டுகோள்கள் சூழ்கின்றன. மறுப்பது குற்றவுணர்வைத் தருகிறது, முழுவதையும் கொடுப்பது பின்னாளில் பிறரிடம் கையேந்தும் நிலையைத் தருகிறது. மகிழ்ச்சிக் காலத்தின் உற்சாகத்தில் பெரிய முடிவுகள் எடுக்காமல், முதலாண்டில் தொகையைப் பாதுகாப்பான வைப்பில் வைத்திருப்பது நன்று. குறுகிய காலத்தில் பெருலாபம் தருவதாக அழைக்கும் பிரமிட் திட்டங்களை இலங்கைச் சட்டம் தடைசெய்துள்ளது. அவற்றில் சேருமாறு தூண்டுபவர் நெருங்கிய நண்பராக இருந்தாலும் விலக வேண்டும். குடும்பத்தார் அனைவருக்கும் ஒரே நேரத்தில், இவ்வளவுதான் இருக்கிறது, இவ்வளவு எங்கள் முதுமைக்கு என்று சொல்லிவிடுவது மனச்சுமையைக் குறைக்கும்.

ஊருக்குள் ஓர் இடம்

உளவியலாளர் எரிக் எரிக்சன் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். நடுவயதின் பணி அடுத்த தலைமுறையைப் பேணி வளர்ப்பது. முதுமையின் பணி, வாழ்ந்த வாழ்வை அதன் நிறைகுறைகளோடு தமதென்று ஏற்றுக்கொள்வது. முதலாவதைத் தொடர்பவருக்கு இரண்டாவது எளிதாகிறது. திருகோணமலையில் அதற்குத் தேவைகள் குறைவில்லை. கிராமப்புறப் பாடசாலைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்க ஆட்கள் வேண்டும். மும்மொழியும் அறிந்த ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு வாரத்தில் ஒரு காலைப்பொழுதைக் கொடுத்தால் பலருடைய அலைச்சல் குறையும். கப்பல் இயந்திரம் அறிந்தவரிடம் படகு இயந்திரம் திருத்தக் கற்றுக்கொள்ள இளைஞர் உண்டு. போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட தலைமுறையின் நினைவுகள் பதிவுசெய்யப்பட வேண்டியவை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதை எட்டியவர்களை முதியோராக வரையறுத்தது. அச்சட்டம் முதியோருக்கான தேசிய சபையை நிறுவியது. பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புக் கோருவதற்கான சபைக்கும் வழிசெய்தது. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் இயங்குகின்றன. பிரதேச செயலகத்தின் ஊடாக முதியோர் அடையாள அட்டை பெறலாம். தம்மை முதியவர் என்று பதிவுசெய்யப் பலர் தயங்குகின்றனர். ஆனால் சங்கத்துக்குத் தேவைப்படும் கணக்காளரும் செயலாளரும் பேச்சாளரும் புதிதாக ஓய்வுபெற்றவர்களே.

உறவுகளின் எண்ணிக்கை குறைவதைப் பற்றி வருந்த வேண்டியதில்லை. வாழ்நாள் குறுகுவதை உணரும்போது மனிதர் இயல்பாகவே அறிமுகங்களைக் குறைத்து நெருக்கமானவர்களைப் போற்றுகின்றனர் என்று லோரா கார்ஸ்டன்சனின் ஆய்வுகள் காட்டின. 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஹாவார்ட் வளர்ந்தோர் ஆய்விலும், முதுமையில் நலத்தோடும் மகிழ்வோடும் இருந்தவர்கள் நம்பகமான உறவுகள் கொண்டவர்களே. நெருக்கமானவர் சிலரே போதும். ஆனால் அந்தச் சிலர் இருந்தாக வேண்டும்.

உதவி நாட வேண்டிய வேளை

ஏமாற்றக் காலத்தின் சோர்வும் மனச்சோர்வு நோயும் வேறு. இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்தல், உறக்கமும் பசியும் கெடுதல், தாம் யாருக்கும் பயனற்றவர் என்ற எண்ணம், புதிதாகக் கூடும் மதுப்பழக்கம், இறந்துவிடலாம் என்ற பேச்சு ஆகியவை நோயின் அறிகுறிகள். முதியோர் மனத்துயரைச் சொல்லாமல் உடல்வலியாகவே சொல்வதும் உண்டு. இந்த நோய் மருத்துவத்தால் தீரக்கூடியது. அரச மருத்துவமனைகளில் மனநலச் சேவை இலவசமாகக் கிடைக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் பேசலாம். உதவி நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு மருந்தெடுப்பவரை எவரும் குறைசொல்வதில்லை.

இறுதிப் படிக்கான ஆயத்தம்

ஓய்வுக்கால ஆயத்தத்தில் பெரும்பாலும் விடுபடுவது அட்ச்லி சொன்ன இறுதிப் படி. நடை தளரும் காலத்தில் எங்கே வாழ்வது, யார் பார்த்துக்கொள்வது, எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், காணியும் வீடும் யாருக்கு என்பவற்றை நலமாக இருக்கும்போதே பிள்ளைகளோடு பேசி எழுத்தில் வைப்பது அபசகுனமன்று. பேசாமல் விடப்பட்டவை நோய்ப்படுக்கையின் அருகே சண்டையாக மாறுகின்றன. பேசி முடித்த குடும்பத்தில் கடைசி ஆண்டுகள் உறவுக்கே மிஞ்சுகின்றன.

2012 கணக்கெடுப்பின்படி இலங்கையரில் 12.4 வீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். அந்தப் பங்கு அதன்பின் உயர்ந்தே வந்திருக்கிறது. ஓய்வுக்கு முந்திய பயிற்சி வகுப்புகளில் ஓய்வூதியப் படிவங்களை நிரப்பக் கற்றுக்கொடுப்பதோடு, நாளை எப்படி வகுப்பது, யாரோடு பழகுவது, எதைக் கையளிப்பது, எதை ஏற்றுக்கொள்வது என்பவற்றுக்கும் இடம் வேண்டும். துறைமுகமும் ஆலைகளும் அலுவலகங்களும் தமது ஊழியரின் 55ஆவது வயதில் அத்தகைய வகுப்புகளைத் தொடங்கினால், எஞ்சும் ஐந்து ஆண்டுகள் அதற்குப் போதுமானவை.